எஃப்டிபிஎஸ் இணைப்பில் கிளையன்ட் சான்றிதழ்: பைத்தானில் செய்வது எப்படி?

சில எஃப்டிபிஎஸ் (மறையாக்கத்தோடு ஃபைல் அனுப்பும் முறை) சர்வர்கள் பாஸ்வேர்டோடு, நீங்கள் யார் என்று காட்டும் கிளையன்ட் சான்றிதழையும் கேட்கும். பைத்தானில் இதற்குத் தனி லைப்ரரி எதுவும் தேவையில்லை. எஸ்எஸ்எல் மாட்யூலின் ‘கிரியேட் டிஃபால்ட் கான்டெக்ஸ்ட்’ தரும் கான்டெக்ஸ்டில் (இணைப்பின் பாதுகாப்பு அமைப்புகளின் தொகுப்பு) ‘லோட் செர்ட் செயின்’ ஃபங்ஷனை அழைத்து, சான்றிதழ் ஃபைலையும் பிரைவேட் கீ ஃபைலையும் கொடுங்கள். அப்புறம் அந்தக் கான்டெக்ஸ்டை எஃப்டிபிலிப் மாட்யூலின் ‘எஃப்டிபி டிஎல்எஸ்’ கிளாஸுக்கு அனுப்பினால் சரி.

லாகின் ஆனதும், ஃபைல் போகும் இணைப்பையும் மறையாக்கும் ‘பிராட் பி’ ஃபங்ஷனைக் கட்டாயம் அழையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதை விட்டால் யூசர்நேம், பாஸ்வேர்டு, கட்டளைகள் மட்டுமே மறையாக்கத்தில் போகும். சர்வர் தடுக்காவிட்டால் ஃபைல் திறந்தபடியே போய்ச் சேரும், எர்ரர்கூட வராது.

சான்றிதழையும் கீயையும் ஒன்றாகப் பிஎஃப்எக்ஸ் ஃபைலாகத் தந்திருக்கிறார்களா? ஓபன்எஸ்எஸ்எல் கருவி கொண்டு, பைத்தான் படிக்கும் பெம் என்ற டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் முதலில் உங்கள் சான்றிதழ், அதன் கீழே இடைநிலைச் சான்றிதழ்கள் (உங்கள் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைப்பவை) என்ற வரிசை முக்கியம்.

கீ ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இருந்தால், அதை என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுத்து ‘லோட் செர்ட் செயின்’ ஃபங்ஷனுக்கே கொடுங்கள். இல்லாவிட்டால் டெர்மினலில் கேட்கும். இரவில் தானாக ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் அங்கேயே தடைபடும்.

சர்வர் சான்றிதழில் எர்ரர் வந்தால் சரிபார்ப்பை அணைத்துவிடாதீர்கள். சர்வர் தரப்பின் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழைக் கேட்டு வாங்கி, ‘லோட் வெரிஃபை லொகேஷன்ஸ்’ மூலம் சேருங்கள்.