‘மை ஃபுட்!’ சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம்?

வேலை இருக்கிறது என்று சொல்லி வராமல் போன நண்பரைப் பற்றி ஒருவர், “பிஸி, மை ஃபுட்!” என்கிறார். இந்த ஆங்கிலத் தொடருக்கு நேர்ப்பொருள் ‘என் கால்’, ஆனால் காலுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. “பிஸியாம் பிஸி!” என்று நாம் சொல்வோமே, அதேதான். நீ சொன்னதை நான் துளியும் நம்பவில்லை என்பதை எரிச்சலோடு சொல்லும் தொடர் இது.

இதை ‘என் கால் தூசுக்குச் சமம்’ என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. அது ஒருவரை மட்டம் தட்டுவது. இதுவோ அவர் சொன்ன பேச்சை மறுப்பது.

பெரிய தவறு, வியப்புக்கு இதைப் பயன்படுத்துவது. தோழி ஆசையோடு வந்து “எனக்குப் பரிசு கிடைத்திருக்கிறது” என்கிறாள். ‘அட, நம்பவே முடியவில்லையே!’ என்ற பூரிப்பில் “பிரைஸ், மை ஃபுட்!” என்றால், ‘உனக்காவது பரிசாவது, பொய் சொல்லாதே’ என்றுதான் அவள் காதில் விழும். மனம் நொந்துவிடும். அந்த இடத்தில் “ரியலி?” அல்லது “ஐ கான்ட் பிலீவ் இட்!” போதும். நம்பாமைக்கும் நம்ப முடியாத மகிழ்ச்சிக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் வருவதால் இந்தக் குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

அடுத்தது, சொல்லும் வரிசை. எதிராளி சொன்ன சொல்லைப் பிடித்து முதலில் வைக்க வேண்டும், ‘மை ஃபுட்’ அதன் பின்னால் வரும். “நல்லவனாம் நல்லவன்” என்பதில் ‘ஆம்’ ஒட்டிக்கொள்கிற மாதிரி. “ஆக்சிடென்ட், மை ஃபுட்! வேண்டுமென்றே தள்ளிவிட்டான்.” பதிலாகத் தனியே “மை ஃபுட்!” என்பதும் உண்டு. ஆனால் யாரைப் பற்றிப் பேசினாலும் ‘ஹிஸ் ஃபுட்’, ‘யுவர் ஃபுட்’ என்று மாற்றக் கூடாது, ‘மை ஃபீட்’ என்று பன்மையும் ஆக்கக் கூடாது.

கெட்ட வார்த்தை இல்லைதான், ஆனாலும் முகத்தில் அடிக்கும். மேலதிகாரியிடமோ அலுவலக மின்னஞ்சலிலோ வேண்டாம். “ஐ ஃபைண்ட் தட் ஹார்ட் டு பிலீவ்” என்றால் சந்தேகமும் வெளிப்படும், மரியாதையும் கெடாது.

அப்புறம் உச்சரிப்பு. உணவைக் குறிக்கும் சொல்லில் ‘ஃபூ’ என்று உயிர் நீளும், காலைக் குறிப்பதில் ‘ஃபு’ குறில். நீட்டிவிட்டால், கோபமாகச் சொன்னது ‘என் சாப்பாடு!’ என்று கேட்கும்.