காற்றுக்கு முன்னே கவாத்து: மலை வீட்டு மரங்களைப் பராமரிக்கும் முறை

நீலகிரியிலும் பழனி மலையிலும் வீட்டின் மீது மரம் விழுந்தால் பழியைக் காற்றின் தலையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். விழுந்த மரத்தின் அடியைக் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் வேறு காரணம் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் கார் நிறுத்த இடம் சமன் செய்தபோது ஒரு பக்கத்து வேர்கள் முழுவதும் அறுபட்டிருக்கும். அல்லது எப்போதோ உச்சியை மொட்டையடித்த இடத்திலிருந்து அழுகல் இறங்கி, அடிமரம் உள்ளே கூடாகியிருக்கும். எனவே வீட்டு மரத்தைக் கவனிக்க வேண்டியவர் முதலில் தலையை அண்ணாந்து பார்க்காமல் காலடியைப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

எப்போது செய்வது என்பது உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் சோதனைக் காலம்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும், அதனோடு வரும் புயல்களும் கணக்கில் சேரும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், உள்நாட்டைக் கடந்து வந்து கொடைக்கானலிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதே நேரத்தில், நாள்கணக்கில் பெய்த மழையில் ஊறிய மண், வேரைப் பிடித்திருக்கும் வலுவை இழந்திருக்கும். இரண்டும் ஒன்றுசேரும் இரவுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். பெரிய வெட்டு வேலைகளை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாள்களில் முடித்துவிடுங்கள். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் மே மாத நடுவிலும், கிழக்குச் சரிவிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் ஆகஸ்டு கடைசியிலும் இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

மரத்தைப் படிப்பது

அடிமரத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வலம் வாருங்கள். காற்று வந்து அடிக்கும் பக்கத்தில் மண்ணில் வில்போல வளைந்த வெடிப்பு இருக்கிறதா, புல்தரை மேடு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று வீசும்போது அந்த மண் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கினால் வேர்த்தட்டு, அதாவது வேர்களும் அவை பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த அடித்தட்டு, ஏற்கெனவே விட்டுப்போய்விட்டது. கவாத்து செய்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிச் சீராக்கி, அந்த மரத்தைக் காப்பாற்ற முடியாது. சாய்ந்த மரங்கள் எல்லாமே ஆபத்தானவை என்று எண்ண வேண்டாம். சிறு வயதிலேயே சாய்ந்த மரம் வெளிச்சத்தைத் தேடி நுனியை நிமிர்த்திக்கொண்டிருக்கும். அதன் அடியும் பருத்து, தன் பாரத்துக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அடி முதல் நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருந்து, பின்புறம் மண்ணும் எழும்பியிருந்தால் அது புதிய சாய்வு. அப்படிப்பட்ட மரம் வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கத்து அறைகளை அன்றே காலி செய்துவிட்டு ஆளை அழைக்க வேண்டும்.

அடுத்து, ஒரு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். பண்ணைக்காட்டில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கெட்டியான மரம் ‘டக்’ என்று குறுகிய ஒலி தரும், கூடான மரம் மத்தளம்போல் அதிரும். உள்ளே கூடு இருப்பதனாலேயே மரத்தை வெட்டிவிட வேண்டும் என்பதில்லை. சுற்றியுள்ள நல்ல மரச்சுவரின் தடிப்பு, அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால்தான் கவலை பெரிதாகிறது. அடிமரத்திலோ வேர்க்கழுத்திலோ தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தால், அழுகல் வெகுநாளாக உள்ளே குடியிருக்கிறது என்று பொருள். கவைகளையும் பாருங்கள். ஒரே பருமனுள்ள இரண்டு தண்டுகள் மிகக் குறுகலாகப் பிரிந்து, இடையில் பட்டை உள்மடிந்து அழுந்தியிருந்தால் அங்கே மரத்தோடு மரம் சேரவில்லை. பலத்த காற்றில் பிளப்பது அந்த இடம்தான். அகன்ற கவைகள் பொதுவாக வலுவானவை.

மர வகையும் முக்கியம். சீகை (வாட்டில்) மரத்துக்கு ஆயுள் குறைவு, வேரும் ஆழம் போகாது. ஈரச் சரிவில் முதலில் படுப்பது பெரும்பாலும் அதுவே. சில்வர் ஓக்கின் கிளைகள் எளிதில் முறியும். தேயிலைத் தோட்டங்களில் மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும் வழக்கம் சும்மா வரவில்லை. கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த தண்டுகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். பார்வைக்கு முழு மரமாகத் தெரிந்தாலும் அவை பழைய கட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. நெருக்கமாக வளர்ந்த சைப்ரஸ் அல்லது கற்பூர மர வரிசையில் பாதியை வெட்டியவுடன், அதுவரை அண்டை மரங்களின் மறைவில் மெலிந்து உயர்ந்த மீதி மரங்கள் முழுக் காற்றையும் திடீரென்று தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டார் தம் வரிசையை எடுத்த ஆண்டில் உங்கள் வரிசையைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

வெட்டுவதும் வெட்டாமலிருப்பதும்

மலைப்பகுதிகளில் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாது. தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955-இன்படி அதற்கென அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, மண் வெடிப்பு, அழுகல், வீட்டுக்கு உள்ள தூரம் ஆகியவை தெரியும்படி எடுத்த படங்களோடு மனு கொடுங்கள். ஜனவரியில் தொடங்கச் சொல்வதற்கு இந்த நடைமுறைக்கு ஆகும் நாள்களும் ஒரு காரணம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம். “கூலி வேண்டாம், விறகை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று வருபவர்களை மட்டும் அழைக்காதீர்கள். விறகே கூலியானால், எவ்வளவு அதிகம் வெட்டுகிறார்களோ அவ்வளவு அவர்களுக்கு லாபம். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கற்பூர மரத்துக்கு அப்படித்தான் ஒரு குழுவை அழைத்தேன். ஒரே பகலில் உச்சியைத் துண்டித்துக் கம்பம்போல் நிறுத்திவிட்டுப் போனார்கள், நானும் நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டே ஆண்டில் வெட்டுவாயைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட துளிர்கள் கொத்தாக உயர்ந்தன. உள்மரத்திலிருந்து எழாமல் மேல்பட்டைக்குச் சற்றுக் கீழேயிருந்து கிளம்பிய அந்தத் துளிர்களின் நடுவே மழைநீர் தேங்கி வெட்டுவாய் அழுகியது. ஐந்தாம் ஆண்டு நவம்பரில் தொடை பருமனுள்ள கிளை ஒன்று அடியோடு பெயர்ந்து சமையலறைத் தகரத்தைப் பிளந்தது. உச்சி துண்டித்தல் மரத்தைச் சிறிதாக்கியது போலத் தோற்றம் தந்து, சில ஆண்டுகளில் முன்னிலும் ஆபத்தாக்கிவிடும். ஆகவே வருகிறவரிடம் முதல் கேள்வியாக “உச்சியை வெட்டிவிடலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் “வெட்டிடலாம்” என்பவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். கயிறு, இடுப்புவார், தலைக்கவசம் இல்லாமல் ஏறுபவரையும், வைத்துக்கொள்ளப்போகும் மரத்தில் ஆணிச் செருப்போடு ஏறுபவரையும் அனுமதிக்காதீர்கள். ஆணி குத்திய ஒவ்வொரு துளையும் புண்தான்.

சரியான கவாத்தில் பட்ட கிளை, முறிந்து தொங்கும் கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை ஆகியவை முதலில் போகும். கூரைக்கு மேல் நீண்டு வந்த உயிருள்ள கிளையை நடுவில் வெட்டாமல், தன் பருமனில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக் கிளை பிரியும் இடம் வரை குறைக்க வேண்டும். அந்தப் பக்கக் கிளை நுனியின் வேலையை ஏற்றுக்கொள்ளும். ஓர் ஆண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது, வயதான மரத்தில் அதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். உட்புறச் சிறு கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் விளக்குமாறுபோல இலையை விடுவதும் தவறு. பாரம் நுனிக்குப் போய்க் கிளை மேலும் எளிதாக ஒடியும்.

கைப்பருமனுக்கு மேற்பட்ட கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை வெளியே, மேலிருந்து இரண்டாம் வெட்டு. கிளை தன் பாரத்தில் ஒடிந்தாலும் கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும், அடிமரத்துப் பட்டை உரியாது. எஞ்சிய கட்டையை எடுப்பது மூன்றாம் வெட்டு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று தெரியும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். வெட்டை மூடும் திசு அங்கிருந்துதான் உருண்டு வரும். அடிமரத்தோடு மட்டமாக இழைத்தால் அந்த வளையம் போய்விடும், கட்டை நீட்டி விட்டால் அது பட்டு அழுகலுக்கு வழிவிடும். வெட்டுவாயில் தார், பெயின்ட், சாணம் எதுவும் வேண்டாம், பொந்தில் சிமென்ட்டும் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இதுதான்: மரத்தின் புண் நம் தோல்போல ஆறுவதில்லை, அழுகலைச் சுற்றி மரமே உள்ளுக்குள் சுவர் எழுப்பித் தனிமைப்படுத்துகிறது. நாம் பூசுவது அந்தச் சுவருக்கு உதவாது.

மின்கம்பி அருகே உள்ள கிளையை எவ்வளவு சிறியதானாலும் நீங்களே தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை நடக்க வேண்டும்.

வேர்

மரத்தை நிறுத்தி வைக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ இரண்டடி ஆழத்துக்குள் பரவியிருக்கிறது. நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால் வரும் தூரத்தை, தோண்டக்கூடாத வட்டத்தின் ஆரமாக வைத்துக்கொள்ளலாம். அரை மீட்டர் பருமனுள்ள மரத்துக்கு அது ஆறு மீட்டர். மலையில் வீடு கட்டுகிறவருக்கு இது நடக்காத காரியம்போலத் தோன்றும், பாதி மனைகளில் நடக்காததும் உண்மைதான். ஆனால் அந்த வட்டத்துக்குள் தடுப்புச் சுவருக்கு வாணம் பறித்து ஒரு பக்க வேரை அறுத்த பின், மரத்தையும் வைத்துக்கொண்டு நிம்மதியையும் எதிர்பார்க்க முடியாது. மண் வெட்டுவதற்கு முன்பே எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வெட்டிய மண்ணை அடிமரத்தின் மீது கொட்டுவது, வேர்ப்பரப்பில் கான்கிரீட் போடுவது, கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக மரத்தடியில் விடுவது ஆகிய மூன்றும் மலை வீடுகளில் அன்றாடம் நடக்கும் மெதுவான கொலைகள். சரிவில் அனுமதியோடு மரத்தை எடுத்தாலும் அடிக்கட்டையைப் பெயர்க்க வேண்டாம். வேர் மக்கும் வரை சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்திருக்கும். அதற்குள் புதிய கன்றுகள் வேர் பிடிக்க வேண்டும்.

கன்று நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்து, உள்ளே வட்டமாகச் சுருண்ட வேர்களை விரித்துவிடுங்கள், விரியாதவற்றை வெட்டிவிடுங்கள். சுருண்டபடியே வளர்ந்த மரம் ஒருநாள் தொட்டியோடு கவிழ்ந்தது போல விழும். நாவல் போன்ற சோலை மரங்களைக் கூரையிலிருந்தும் கம்பியிலிருந்தும் தள்ளி நட்டு, முதல் சில ஆண்டுகளில் ஒரே தலைத்தண்டு உயரும்படி போட்டித் தண்டுகளைக் கிள்ளிவிட்டால், பிற்காலத்தில் கவை பிளக்கும் தொல்லை பெருமளவு குறையும்.

புயல் அடித்து ஓய்ந்த காலையில் பவர் சா ஓசை ஊரெங்கும் கேட்கும், அவசரப்பட வேண்டாம். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன், பாரம் நீங்கிய வேர்த்தட்டு சட்டென்று நிமிர்ந்து பழைய குழியில் உட்காரும். அந்தக் குழியில் நிற்பவர் நசுங்கிவிடுவார். விழுந்த மரத்தின் வேர்ப்பக்கம் குழந்தைகள் போகாதபடி கயிறு கட்டிவிட்டு, முறிந்து மேலே சிக்கியிருக்கும் கிளைகளின் கீழ் யாரும் நடக்காமல் பார்த்துக்கொண்டு, தெரிந்த ஆள் வரும்வரை காத்திருங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மின்கம்பி அறுந்திருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987.