வயிற்றை எக்காமல் ஓர் அளவு

22 வருடமாகத் துணி தைக்கிறேன். இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்தவுடன் எதிரில் நிற்பவர் செய்வது ஒன்றுதான்: மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொள்வார். பருமனானவர், ஒல்லியானவர் என்ற பேதமே கிடையாது. கல்லூரிக்குப் போகிற பிள்ளையும் எக்கும், பேரன் எடுத்தவரும் எக்குவார். எக்கிய வயிற்றுக்கு எடுத்த அளவில் தைத்தால், நிற்கும்வரை சட்டை பாந்தமாக இருக்கும். உட்கார்ந்தால் மூன்றாவது பட்டன் தெறிக்கும். அப்புறம் திட்டு எனக்கு.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பேன். பதில் சொல்ல வேண்டுமென்றால் மூச்சை விட்டாக வேண்டும். விட்டவுடன் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும். அந்த நொடியில் எண்ணைப் படித்துவிடுவேன்.

வீட்டில் தனியாக அளக்கும்போதும் பெரும்பாலானோர் இதே எக்கலைச் செய்கிறார்கள் என்பது பேச்சுக் கொடுத்தால் தெரிகிறது. நான் டாக்டர் இல்லை. ஆனால் அளவெடுப்பது என் தொழில். உடம்பை எப்படி அளப்பது, அளந்ததை வைத்து என்ன செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் டேப். துணி டேப் நாளாக ஆக இழுபடும். ஸ்கேலை வைத்து ஒரு தடவை சரிபாருங்கள், 30 செ.மீ.க்கு அரை செ.மீ. தள்ளிக் காட்டினால் தூக்கிப் போட்டுவிடலாம். எண் தொடங்குவது நுனியில் இருக்கும் தகரத்தின் விளிம்பிலிருந்து. தகரம் முடிகிற இடத்திலிருந்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து இடம். பேன்ட் அளவு வேறு, உடல்நலத்துக்குப் பார்க்கும் வயிற்றுச் சுற்றளவு வேறு. "15 வருஷமா எனக்கு 32தான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். 32 மாறவில்லை என்பது உண்மைதான். பேன்ட்தான் வருடத்துக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கி, வயிற்றுக்கு அடியில் போய் நின்றிருக்கும். வயிறு பெல்ட்டுக்கு மேலே வளர்ந்ததை பேன்ட் எப்படிச் சொல்லும்?

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, பக்கவாட்டில் விரலால் அழுத்தி விலா எலும்பு முடிகிற இடத்தைத் தொடுங்கள். அங்கிருந்து கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். டேப் அந்தப் புள்ளி வழியாக, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். முதுகுப் பக்கம் சரிந்துவிடும் என்பதால் கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பாருங்கள். தோலை ஒட்டி இருக்கட்டும், சதையை அமுக்கக் கூடாது. கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால் நீங்களே வாய்விட்டு ஐந்து வரை எண்ணி, இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் படியுங்கள். இரண்டு தடவை எடுத்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவையும் எடுங்கள்.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? உங்கள் உயரத்தோடு. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022இல் இதைப் பரிந்துரையாகவே சொல்லிவிட்டது. சுற்றளவை உயரத்தால் வகுத்தால் 0.5க்குக் கீழே வருவது நல்லது, 0.5 தாண்டினால் கவனம் தேவை, 0.6 என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கான வாய்ப்பு நன்றாகவே கூடியிருக்கிறது என்று பொருள். வகுத்தல் பிடிக்காதவர்களுக்கு நூல் போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். நுனிகள் சந்தித்தால் சரி. சந்திக்காவிட்டால் இடைவெளி எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

என் கதையையும் சொல்கிறேன். எனக்கு உயரம் 152 செ.மீ., அப்போது எடை 54 கிலோ. எல்லாரும் என்னை ஒல்லி என்பார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் என்னை அளந்துகொண்டதே இல்லை. ஒருநாள் புது டேப்பைச் சரிபார்க்க என்மேலேயே சுற்றினேன்: 84. எனக்குப் பாதி உயரம் 76. ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நோய். கை, கால் ஒல்லி, வயிறு மட்டும் சேர்ந்திருக்கிறது என்பதை எடை மெஷின் எனக்குச் சொல்லவே இல்லை.

என் பிஎம்ஐ அப்போது 23.4. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. பொது அட்டவணைப்படி 18.5க்குக் குறையாமல், 25க்குக் கீழே இருந்தால் சரி. ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. பிஎம்ஐ கணக்கை முதலில் போட்டவர் டாக்டரும் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்தலே, வானியலும் புள்ளியியலும் படித்தவர். 1830களில் மக்கள் கூட்டத்தின் சராசரி உடம்பைப் பார்ப்பதற்காக இந்த விகிதத்தைக் கண்டார். பிஎம்ஐ என்ற பெயரை 1972இல்தான் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன்சல் கீஸ் வைத்தார். ஆயிரம் பேரின் அளவைப் பார்த்து ரெடிமேட் சட்டை தைக்கலாம். அது உங்களுக்குத் தோளில் பொருந்துமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எடை மெஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்டியான, சமமான தரையில் வையுங்கள். விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். காலையில் கழிவறை போய் வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், வாரத்தில் ஒருநாள் பார்த்தால் போதும். ஒரே நாளில் ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம். அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் உடனே அரை கிலோ கூடும். முந்தின இரவு உப்பு தூக்கலாகச் சாப்பிட்டிருந்தாலும், மாதவிடாய் நெருங்கினாலும், புதிதாக உடற்பயிற்சி தொடங்கி உடம்பு வலித்தாலும் நீர் தங்கி எடை காட்டும்.

"முதல் வாரத்திலேயே 3 கிலோ குறையும்" என்ற விளம்பரங்களின் சூட்சுமமும் நீர்தான். உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு, கூடவே தண்ணீர். ஒழுங்காகச் சாப்பிட்ட மறுநாள் எல்லாம் திரும்பி வந்துவிடும். உடனே "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று அழ ஆரம்பிப்பார்கள். காலையில் பார்த்த எண் அன்று முழுக்க உங்கள் முகத்தில் ஒட்டியிருக்கிறது என்றால், மெஷினைப் பரணில் போட்டுவிட்டு டேப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம்.

இனி துணி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அலமாரியில் "இளைச்சதும் போட்டுக்கலாம்" என்று ஒரு சட்டை தொங்குகிறதா? தினமும் காலையில் கதவைத் திறந்தவுடன் அது உங்களைக் குறை சொல்கிறது. அதை எடுத்து மடித்துக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். இன்றைய உடம்புக்குப் பொருந்துகிற நாலு உடுப்பு போதும். பிதுங்கும் துணியில் யாரும் அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. அதேபோல் உடம்பை மறைக்கிறேன் என்று தொளதொளவென்று போட்டால் இருப்பதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அது மட்டும் சரியாக இருந்தால் வயிறு எவ்வளவு இருந்தாலும் பார்க்க நன்றாக இருக்கும். தோளை மாற்றித் தைப்பது கஷ்டம், பக்கவாட்டுத் தையலைப் பிரித்துவிடுவது பத்து நிமிட வேலை. அதனால் ரெடிமேட் வாங்கும்போது தோளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கழுத்துப் பட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜாக இருக்கும். தைக்கக் கொடுத்தால் பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு ஏறும், இறங்கும். துணிதான் அதற்கு வழிவிட வேண்டும்.

இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. 30 வயதில் ஒரு விசேஷத்துக்காக எனக்கே ஓர் உடுப்பை ஒரு சுற்று சின்னதாகத் தைத்து வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கண் இருட்டியது. கால் பெடலிலேயே இருந்தது. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து அடியில் வந்து நின்றது. சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருப்பி ஊசியைத் தூக்கினேன். அந்த நகத்தில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. அந்த ஒன்பது நாளும் என் தலைக்குள் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை என்பதுதான் ஆச்சரியம். பிஎம்ஐக்குப் பெயர் வைத்த அதே ஆன்சல் கீஸ், 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார் என்று பின்னால் படித்தேன். அவர்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசி, சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்களாம். என் ஒன்பது நாளுக்கே அப்படியென்றால் அவர்கள் பாவம்.

போட்டோ பற்றி ஒரு வரி. செல்போனை முகத்துக்கு அருகில் பிடித்து எடுத்தால் மூக்கு பெரிதாக விழும். கூட்டமாக எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர் அகலமாக விழுவார். லென்ஸின் வேலை அது. நடுவில் நில்லுங்கள், எடுப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசுவது. அளவெடுக்கும்போது நான் எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை, எழுதிக்கொள்கிறேன். இதற்குக் காரணம் 12 வயதுப் பெண் ஒருத்தி. "போன வருஷத்தைவிட மூணு இஞ்ச் கூடிடுச்சு" என்று நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் அம்மா, "சொல்லுங்கக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்றார். பெண் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த தடவை அளவெடுக்க அவள் வரவில்லை, பழைய சட்டையைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பருவம் வருகிற வயதில் உடம்பு பூசுவது இயற்கை. பெரியவர்களின் பிஎம்ஐ எல்லைகளைப் பிள்ளைகளுக்குப் போடவே கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக இருக்கிறது. உங்களை யாராவது "என்ன, இப்படிப் பருத்துட்டே?" என்று கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "ஆமா, நீங்க எப்படி இருக்கீங்க?" போதும்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரங்களும் உண்டு. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் சந்தோஷப்படாமல் போய்க் காட்டுங்கள். 70 கிலோக்காரருக்கு அது மூன்றரை கிலோ. ஒருவர் மூன்று மாதத்தில் இரண்டு தடவை சட்டையைப் பிடித்துத் தரச் சொல்லி வந்தார். இரவில் தாகம், நாலு தடவை எழுந்திருக்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சர்க்கரை பாருங்கள் என்று அனுப்பினேன், அதுதான். ஓரிரு நாளில் எடை ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அன்றைக்கே போக வேண்டும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் தைராய்டு குறைவும் எடையைக் கூட்டும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, யாரும் பார்க்காமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, எலும்பு தெரிந்தும் பருமனாக இருக்கிறேன் என்று நம்புவது, இதெல்லாம் பிடிவாதமோ திமிரோ இல்லை, நோய். சிகிச்சை இருக்கிறது.

84 என்று பார்த்த பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சம். நடையை நாளுக்கு 25 நிமிடமாகப் பிரித்துக்கொண்டேன். தசைக்கு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்வது. உட்கார்ந்தே செய்யும் தொழில் என்பதால் தையல் மெஷினில் அடிநூல் சுற்றியிருக்கும் பாபினில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து ஐந்து நிமிடம் நடப்பேன். சாப்பாட்டை நிறுத்தவில்லை, மூன்றாவது தடவை போட்டுக்கொள்வதை மட்டும் விட்டேன். ஒன்றரை வருடம் கழித்து வயிறு 79, எச்பிஏ1சி 5.7, எடை 53. மெஷினை மட்டும் பார்த்திருந்தால் ஒரு கிலோவுக்கு இவ்வளவு பாடா என்று எப்போதோ விட்டிருப்பேன்.

நீங்களும் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, வயிற்றுச் சுற்றளவு, ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் அது, கையூன்றாமல் எத்தனை தடவை எழ முடிந்தது. அடுத்த அளவு மூன்று மாதம் கழித்து. அதுவரை டேப்பைச் சுருட்டி வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்பு விழுகிற இடத்தில் எண் அழிந்துவிடும்.