டேட்டாவும் மிஞ்சும், சந்தாவும் குறையும்

வீட்டு ஃபைபர் பிளானில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தாலும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் 3,300 ஜிபி என்பது போல மாத வரம்பு ஒன்று இருக்கும், தாண்டினால் வேகம் படுத்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-யில் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும், ஹெச்டியில் 3. எங்கள் 32 இஞ்ச் டிவியில் 4கே-யால் ஒரு பயனும் இல்லை, 4கே தரும் ‘பிரீமியம்’ பிளானை விட்டு இறங்கியதும் சந்தாவும் குறைந்தது.

அப்புறம், பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ் அக்கவுண்டைத் திறந்து, உங்கள் புரொஃபைலின் பிளேபேக் செட்டிங்ஸில் ‘மீடியம்’ வையுங்கள், மணிக்கு 0.7 ஜிபிதான், படம் கொஞ்சம் மங்கும், பிள்ளைகளின் கார்ட்டூனுக்கு அது தாராளம். அடுத்த எபிசோடு தானாக ஓடுவதையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாரும் தூங்கிய பிறகு டேட்டாவைத் தின்பது அதுதான்.