ஸ்டேடியத்துல ஹைஸ்கூல் கிராஜுவேஷன்: முதல் தடவ போறவங்க என்னென்ன செய்யணும்

போன ஜூன்ல எங்க அக்கா பொண்ணு அமெரிக்கால, கலிஃபோர்னியாவோட சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்குற பே ஏரியால ஹைஸ்கூல் முடிச்சா. ஊர்லேர்ந்து அம்மாவும் வந்திருந்தாங்க. ஃபுட்பால் கிரவுண்ட்லதான் விழா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு. இதுக்கு முன்னாடி அக்கா பையனுக்குப் போனப்போ ஒண்ணும் தெரியாம போய் உக்காந்தோம், மைக்ல அவன் பேர கடிச்சுக் குதறி வாசிச்சதுல அவன் மேடை ஏறி இறங்கினது கூட அம்மாவுக்குத் தெரியல, "எப்ப கூப்டுவாங்க"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. அத என்னால மறக்கவே முடியல. அதான் இத எழுதுறேன்.

ஸ்டெப் 1: டிக்கெட்

நெறைய ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு இத்தன டிக்கெட்னு கணக்கு வச்சுக் குடுப்பாங்க. யார் யார் வர்றாங்கன்னு ஒரு மாசம் முன்னாடியே பேசிருங்க. கூடுதலா வேணும்னா பிள்ளைங்களே ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டு வாங்கிருவாங்க. வயசானவங்க வந்தா படி ஏறாம உக்கார தனி இடம் இருக்கும், அத முன்கூட்டியே ஸ்கூல்ல கேட்டு வச்சுக்கங்க, அன்னைக்கு கேட்டில் போய் நின்னு கேக்காதீங்க.

ஸ்டெப் 2: பேர் (இதுதான் ரொம்ப முக்கியம்)

மேடைக்கு ஏறும்போது வாசிக்கிறவர்கிட்ட பிள்ளைங்க ஒரு கார்டு குடுப்பாங்க, இல்லன்னா முன்னாடியே ஃபார்ம்ல எழுதி வாங்கிருப்பாங்க. நம்ம பேர்ல ழ வரும், ண வரும், நீளமாவும் இருக்கும். அதனால ஸ்பெல்லிங் மட்டும் எழுதிட்டு விட்டுராம உச்சரிப்ப தனித்தனி அசையா பிரிச்சு எழுதித் தரணும், எந்த அசைல அழுத்தணும்னு அத பெரிய எழுத்துல போடணும். ழ வராது, விடுங்க, ல போதும். நாங்க எழுதினத தமிழே தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்து சத்தமா வாசிக்கச் சொன்னோம், மூணாவது தடவ மாத்தி எழுதினதுலதான் அவர் வாய்ல சரியா வந்துச்சு.

ஸ்டெப் 3: பை, துணி, வெயில்

பெரிய ஹேண்ட்பேக் வேண்டாம், பல எடத்துல உள்ள தெரியுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பைதான் விடுவாங்க. உக்கார்ற பலகை அலுமினியம், மதியம் பூரா காஞ்சு அடுப்புக் கல்லு மாதிரி இருக்கும். அம்மா பட்டுப்புடவைல வந்தாங்க, நாலா மடிச்ச ஒரு டவல் போட்டுத்தான் உக்கார வச்சோம். சூரியன் மேக்கால இறங்கும்ல, அதனால முடிஞ்சா மேக்குப் பக்க கேலரில உக்காருங்க, வெயில் முதுகுல விழும், மேடை பளிச்னு தெரியும். தொப்பி, தண்ணி எடுத்துக்கங்க. பே ஏரியாவா இருந்தா ஒரு ஸ்வெட்டரும் வேணும், ஏழரைக்கு மேல காத்து குளிரும்.

ஸ்டெப் 4: விழா நடக்கும்போது

ஒரு மணி நேரம் முன்னாடியே போயிருங்க, பார்க்கிங் கெடைக்காது. பேண்டுல ஒரு மெதுவான ட்யூன் ஆரம்பிச்சா பிள்ளைங்க வரிசையா வர்றாங்கன்னு அர்த்தம். எல்கர்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1901ல போட்ட அணிவகுப்பு இசை அது, 1905ல யேல் யூனிவர்சிட்டில அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்தப்ப வாசிச்சாங்க, அப்புறம் அமெரிக்கா பூரா கிராஜுவேஷன்னா இதுதான்னு ஆகிருச்சு. தேசிய கீதத்துக்கு எல்லாரும் எந்திரிக்கணும்.

பேர் வாசிக்கிறது பெரும்பாலும் லாஸ்ட் நேம் வரிசைல. நம்மாளுங்களுக்கு அப்பா பேர்தான் லாஸ்ட் நேம், எஸ், வின்னு வந்தா கடைசிலதான் வரும். 500 பிள்ளைங்க, ஆளுக்கு அஞ்சு செகண்டுன்னா 40 நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள ஃபோன் சார்ஜ் தீராம பாத்துக்கங்க. எத்தனாவது வரிசைல உக்காருவன்னு பிள்ளைகிட்ட காலைலயே கேட்டு வைங்க. ஒருத்தர் மட்டும் வீடியோ எடுக்கட்டும், மத்தவங்க கண்ணால பாக்கட்டும். ஏர்ஹார்ன் அடிக்காதீங்க, அடுத்த பிள்ளையோட பேர் அதுல அமுங்கிரும், அதுக்கும் ஒரு பாட்டி வந்திருப்பாங்க.

எங்க பொண்ணு பேர் சுத்தமா வந்துச்சு. மைக்ல கேட்ட அந்த செகண்டே அம்மா டவல விட்டு எந்திரிச்சு நின்னுட்டாங்க, கையத் தட்டல, ரெண்டு கையையும் நெஞ்சுல வச்சுட்டு அப்படியே பாத்துட்டு இருந்தாங்க.

ஸ்டெப் 5: முடிஞ்சதும்

பிள்ளைங்க கிராஜுவேஷன் தொப்பில தொங்குற குஞ்சத்த வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கம் மாத்தி, தொப்பிய மேல தூக்கிப் போடுவாங்க, உடனே மொத்தக் கூட்டமும் கிரவுண்ட்ல இறங்கிரும். ஃபோன் சிக்னல் கெடைக்காது. "வடக்கு கோல்போஸ்ட் கீழ நில்லு"ன்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க. கலிஃபோர்னியால பிள்ளைங்க கழுத்துல ஹவாய் பூமால போடுற பழக்கம் இருக்கு. நாங்க இந்தியன் கடைல சொல்லி வச்சு மல்லிச்சரம் வாங்கி ஈரத்துணில சுத்தி எடுத்துட்டுப் போனோம், அம்மா கையாலயே போட்டாங்க.

மேடைல குடுக்குற அட்டைய தொறந்து பாத்து பதறாதீங்க, பல ஸ்கூல்ல உள்ள சர்டிஃபிகேட் இருக்காது. லைப்ரரி புக்கு எல்லாம் திருப்பிக் குடுத்ததும் ஆஃபீஸ்ல போய் வாங்கிக்கணும்.