இன்ஜின் மிஸ் ஆகிறதா? எந்த சிலிண்டர் என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங் வரை உதறுகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை, சைலன்சரில் விட்டுவிட்டு ‘பட் பட்’ என்று சத்தம் வருகிறது, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. இதெல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். இங்கே சொல்வது பெட்ரோல் கார்களுக்கு, அதிலும் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனி இக்னிஷன் காயில் (பிளக்குக்குத் தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) உள்ளவற்றுக்கு.

ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். அதற்குத் தேவை மூன்று: தீப்பொறி, சரியான அளவு பெட்ரோலும் காற்றும், போதிய கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்). இதில் எது இல்லை என்று தெரியாமலே பிளக், காயில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்கும் வேலை. முதலில் கண்டுபிடியுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் கன்வெர்ட்டர் உருகிப் பாழாகும்.

1. கோளாறுக் கோடு (code) படியுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) சாதாரண ஸ்கேனர் ஒன்றை மாட்டினால் போதும். பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 என்றால் கோளாறு ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. எந்த சிலிண்டர் 1 என்பதை மேனுவலில் பாருங்கள். பெரும்பாலும் டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம். கோடை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. கண்ணால் பாருங்கள்

இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். காயில் கனெக்டரின் பூட்டு உடைந்திருக்கிறதா, எலி கடித்த வயர் இருக்கிறதா, காற்றுக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பல கோளாறுகள் இதிலேயே அகப்படும்.

3. காயிலை இடம் மாற்றுங்கள்

இந்த வேலையில் என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவியை அணைத்து, 2ஆம் சிலிண்டர் காயிலின் கனெக்டரையும் போல்ட்டையும் கழற்றுங்கள். அடியில் உள்ள ரப்பர் பிளக்கோடு ஒட்டியிருக்கும். இடமும் வலமும் லேசாகத் திருப்பிவிட்டு மேலே இழுங்கள். 3ஆம் சிலிண்டர் காயிலையும் அதேபோல எடுத்து, இரண்டையும் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, அதை மட்டும் மாற்றினால் போதும். மறுபடி பி0302 வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை அதே முறையில் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும்தான் இடம் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று தெரியாமல் போகும்.

4. பிளக்கைக் கழற்றிப் படியுங்கள்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை கெட்டுப்போகலாம். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் இருக்கும் தூசியை முதலில் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். நல்ல பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருக்கும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். முனையில் ஈரமான எண்ணெய் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கீற்று தெரிந்தால் தீப்பொறி வெளிப்பக்கமாகத் தாவுகிறது. குழிக்குள் மட்டும் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டையோ பிளக் குழி சீலையோ மாற்றாமல் புதுக் காயில் போட்டுப் பயனில்லை.

பிளக்கை செட்டாகவே மாற்றுங்கள். முனையில் தீப்பொறி தாவும் இடைவெளி மேனுவல் சொல்லும் அளவில் இருக்க வேண்டும். புதியதை முதலில் கையால்தான் திருக வேண்டும். இறுகினால் நிறுத்தி, நேராக்கி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரென்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) நல்லது.

5. இன்ஜெக்டர்

இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியில் காதை வையுங்கள். சீரான ‘டிக் டிக்’ கேட்க வேண்டும். சுற்றும் பெல்ட், ஃபேன் பக்கம் தலைமுடியோ துணியோ போகாமல் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் அதன் ரெசிஸ்டன்ஸை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே அளவு காட்டினால் வயரையும் கனெக்டரையும் சந்தேகப்படுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் மிக உயர்ந்த அழுத்தத்தில் இருக்கும், அந்தக் குழாய்களைக் கழற்றவே வேண்டாம்.

6. கம்ப்ரஷன்

தீப்பொறியும் பெட்ரோலும் சரி, இன்னும் மிஸ் ஆகிறது என்றால் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். காயில் கனெக்டர்களையும் ஃபியூவல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து த்ராட்டிலை (காற்று போகும் வால்வை) முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமான அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். அந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். இங்கிருந்து மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஆனால் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பி0300 மட்டும் வந்தால் வேறு வழி. ஐடிலில் உதறி, வேகம் கூட்டினால் சரியாகிறது என்றால் இன்டேக் பக்கம் எங்கோ காற்றுக் கசிவு. ‘உஸ்’ சத்தத்தைத் தேடுங்கள். சுமையில் மிஸ் ஆனால் தேய்ந்த பிளக்குகளையும் ஃபியூவல் அழுத்தத்தையும் பாருங்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்துவிட்டு, ஏற்றத்திலும் ஐடிலிலும் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் ஸ்கேனரில் ‘பென்டிங்’ கோடுகளையும் பார்க்க மறக்க வேண்டாம். விளக்கு எரிவதற்கு முன்பே மிஸ்ஃபயர் அங்கே பதிவாகியிருக்கும்.