புது பிரவுசர் முதல் நாளில் வேகமாகத்தான் ஓடும்

தூர்வாரி முடித்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? கரையில் நிற்கும் பிள்ளைகள் தண்ணீரோடு போட்டி போட்டு ஓடுவார்கள். அதே வாய்க்காலை ஐப்பசியில் வந்து பாருங்கள். ஆகாயத்தாமரை மண்டி, மதகில் பாலித்தீன் பை அடைத்து, தண்ணீர் நிற்கிறதா நகர்கிறதா என்றே தெரியாது. புதிதாக ஒரு பிரவுசரைப் போட்டுவிட்டு “அடேயப்பா, என்னா வேகம்!” என்பவர்களைக் கண்டால் எனக்கு அந்த முதல் தண்ணீர்தான் ஞாபகம் வரும்.

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸை விட ஆன்லைன் வேலைதான் அதிகம். சிட்டா, வில்லங்கம், பயிர்க் காப்பீடு, கல்லூரி விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாமே பிரவுசர் வழியாகத்தான். எனவே பிரவுசர் மாற்றுவதில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்தாகிவிட்டது.

முதல் தவறு வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது. பழைய பிரவுசரில் பதினெட்டு டேப் திறந்து கிடக்கும். எப்போது போட்டோம் என்றே தெரியாத எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்கள், ஏழெட்டு இருக்கும். புதியதில் திறந்திருப்பது ஒரே ஒரு டேப். இப்போதைய பிரவுசர்கள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையாகப் பிரித்தே ஓட்டுகின்றன. குரோம் 2018இலேயே கணினிகளில் இதைக் கொண்டுவந்துவிட்டது. டேப் கூடக் கூட மெமரி கரையும், 4 ஜிபி ராம் உள்ள கணினி திணறும். அப்படியிருக்க, காலி வண்டியையும் மூட்டை ஏற்றிய வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி எது வேகம் என்று கேட்டால் என்ன பதில் வரும்?

நியாயமாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. பழைய பிரவுசரிலேயே புது புரொஃபைல் (புதிய பயனருக்கான தனிக் கணக்குப் போல) ஒன்றை உருவாக்கி, வெறுமையாகத் திறந்து பாருங்கள். அதுவும் பறந்தால் குற்றம் நீங்கள் ஏற்றிவைத்த மூட்டையில் இருக்கிறது. எது கனம் என்று பார்க்க, குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டினால் போதும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி தின்கிறது என்று பட்டியல் வரும். என் கணினியில் முதலிடத்தில் இருந்தது எப்போதோ ஒரு நாள் தேவைப்பட்ட கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன். அதைத் தூக்கிய அன்று பிரவுசர் மாற்றும் ஆசையே பாதி போய்விட்டது.

அடுத்தது பெயரைப் பார்த்து மயங்குவது. ஒரே மில்லில் அரைத்த அரிசியை நாலு பெயர் அச்சடித்த பைகளில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓபரா 2013இலிருந்தும், எட்ஜ் 2020 ஜனவரியிலிருந்தும், கூகுள் பெருமளவில் கட்டிவரும் குரோமியம் அடித்தளத்தின் மேல்தான் ஓடுகின்றன. பிரேவ், விவால்டியும் அப்படியே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ 2023இல் வெளியிட்ட உலா, மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025இல் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் வாங்கியது. அதற்கும் அடித்தளம் குரோமியம்தான். கணினியில் பெரிய அளவில் இதற்கு வெளியே நிற்பவை ஃபயர்ஃபாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்.

இதனால் எல்லாம் ஒன்றே என்று ஆகிவிடாது. விளம்பரத்தை எவ்வளவு தடுக்கிறது, நம் தகவலை எங்கே அனுப்புகிறது என்பதிலெல்லாம் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு தளம் குரோமில் கோணல்மாணலாகத் தெரிகிறது என்று பிரேவுக்கு ஓடினால் பெரும்பாலும் அங்கேயும் அதே கோணல்தான் இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பர் மாதம். கடையில் வரிசை நிற்கிறது. அந்த வாரம் பார்த்துத்தான் நான் புது பிரவுசரைப் போட்டு, அதையே இயல்பு பிரவுசராகவும் மாற்றி வைத்திருந்தேன். புத்தி போன போக்கு! ஒரு பெரியவர் சிட்டா, அடங்கல், பாஸ்புக் எல்லாம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். விவரமெல்லாம் ஏற்றிப் பணம் கட்டும் பக்கம் போனால் வெள்ளைத் திரை. கடைப் பையன், “அண்ணே, சர்வர் டவுன்ணே” என்றான். நானும் நம்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பெரியவர்தான் கேட்டார்: “ஏன் தம்பி, போன வருசம் இதே மிசின்லதானே போட்டீங்க?” பழைய பிரவுசரைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் ரசீது வந்துவிட்டது.

நடந்தது இதுதான். பணம் கட்டும் பக்கம் புதிய ஜன்னலாகத் திறக்க வேண்டியது. புது பிரவுசரின் விளம்பரத் தடுப்பான் அதை விளம்பரம் என்று நினைத்து நிறுத்திவிட்டது. முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான் பார்க்கவில்லை. அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பைத் தளர்த்தினால் போதும். முழுவதுமாக அணைத்துவிட்டால் எதற்காக அந்த பிரவுசரைப் போட்டோமோ அதுவே போய்விடும். புது பிரவுசரைப் பழகுவதற்கு வேலை குறைந்த கோடையைப் போல வசதியான காலம் கிடையாது. அப்போதும் முதல் மாதம் பழையது கூடவே இருக்கட்டும்.

கடவுச்சொல் விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது, சத்தமே போடாது. பழைய பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைப் புதியதற்குக் கொண்டுபோக ‘ஏற்றுமதி’ கொடுத்தால் சிஎஸ்வி கோப்பு ஒன்று இறங்கும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். மின்னஞ்சல், வங்கி, ரயில்வே எல்லாம் பூட்டில்லாத எழுத்தில் வரிசையாக இருக்கும். புதியதில் ஏற்றி முடித்ததும் அந்தக் கோப்பை நீக்க வேண்டும், குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை. ஒருவர் தன் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்து, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து பயோடேட்டாவை எடுக்கச் சொன்னார். அதற்குப் பக்கத்திலேயே அந்தக் கோப்பும் இருந்தது. நான் சொன்னபோது மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பொதுக் கணினியில் பிரவுசருக்குள்ளேயே கணக்கைத் திறந்து சிங்க் போடுவது. ஜிமெயில் பார்க்க வந்த மாணவன் கேட்டதற்கெல்லாம் ‘சரி’ கொடுத்துவிட்டுப் போனால், அவன் புக்மார்க்கும் கடவுச்சொல்லும் என் கணினியில் வந்து குடியேறிவிடும். மூடியதும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத கெஸ்ட் ஜன்னல் இருப்பதே இதற்காகத்தான். பிரைவேட் ஜன்னலை மாயக் கம்பளமாக நினைப்பவர்களும் உண்டு. ஜன்னலை மூடியதும் வரலாறும், நம்மை அடையாளம் காணத் தளங்கள் விட்டுவைக்கும் குக்கீயும் அந்தக் கணினியில் தங்காது, அவ்வளவுதான். இணைய இணைப்பு கொடுப்பவருக்கும் நீங்கள் போன தளத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும். இறக்கிய ஆதார் பிடிஎஃப் டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும்.

நோட்டிஃபிகேஷன் கேட்கும் தளங்களுக்கெல்லாம் ‘அலோ’ கொடுத்துவிட்டு, அவை திரை ஓரத்தில் காட்டும் போலி எச்சரிக்கைகளைப் பார்த்து, வாரம் கழித்து “வைரஸ் வந்துடுச்சு, அந்த புது பிரவுசர்தான் காரணம்” என்று வருகிறவர்களுக்கு செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியை எடுத்துவிட்டால் போதும்.

பிரவுசர் மேல் பழி விழும் வேடிக்கையான காரணம் ஒன்று உண்டு. புதிதாகப் போட்டதும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பு எச்சரிக்கை. உடனே அன்இன்ஸ்டால். ஒரு நிமிடம் பொறுங்கள், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். ‘இது உண்மையான தளம்தான்’ என்று காட்டும் தளத்தின் சான்றிதழ் இன்றைய தேதிக்குச் செல்லும், கணினி நினைத்துக்கொண்டிருக்கும் தேதிக்குச் செல்லாது. சிஆர் 2032 என்ற அந்த பேட்டரியை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. கரண்ட் அடிக்கடி போகும் எங்கள் பக்கத்தில் இது எத்தனை பிரவுசர்களின் பெயரைக் கெடுத்திருக்கும் என்று யோசிப்பதுண்டு.

முதல் நாள் பிடிக்காமல் போனதை வாழ்நாள் முழுக்கப் பிடிக்காமலே வைத்திருப்பதும் தவறுதான். 2007 வாக்கில் ஃபயர்ஃபாக்ஸில் தமிழ்ப் பக்கம் திறந்தால், இருபுறமும் சீராக அடுக்கிய பத்திகளில் எழுத்துகள் சிதறும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். “இது தமிழுக்கு ஆகாது” என்று அன்றே மூடியவன் நான். 2008இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3இல் அது சரியாகிவிட்டது. எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆனது, அதுவும் தற்செயலாக.

கடைசியாக, அரசு கொடுத்த பழைய மடிக்கணினியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு. அதில் விண்டோஸ் 7 ஓடினால் குரோமின் 109ஆம் பதிப்போடு கதவு சாத்தியாகிவிட்டது, 2023 பிப்ரவரியில் வந்த 110 அதில் ஏறாது. ஃபயர்ஃபாக்ஸ் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஏறும். “புதுசு எதுவும் இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது” என்று போன வாரம் ஒரு பெண் கொண்டுவந்த லேப்டாப்பில் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். வேகம் எப்படி என்று கேட்டதற்கு, “ரெண்டு வாரம் கழிச்சு சொல்றேண்ணே” என்றார்.